கன்வர்ட்டர் கழற்றிய பொங்கல்

ஜனவரி 11, சனி

கன்டெய்னர் லாரிகள் குறைந்த விடியற்காலையில் எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் ஒரு ஓட்டம். அறுபதில் சீராகப் போகும்போது, சாலையில் போட்ட கரடுமுரடான கோடுகள் மேல் ஓடுவது போல என் ஆட்டோமேட்டிக் கியர் கார் நடுங்குகிறது. ஆக்ஸிலேட்டரை விடாமல் பிரேக்கை லேசாகத் தொட்டால் நடுக்கம் சட்டென்று நிற்கிறது. எஞ்சின் விசையை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்துவது டார்க் கன்வர்ட்டர்; சீரான வேகத்தில் இரண்டையும் நேராகப் பூட்டுவது அதற்குள் இருக்கும் லாக்-அப் கிளட்ச். பிரேக் ஸ்விட்ச் பட்டதும் அது விடுபடும். ஆக, சந்தேகம் அங்கேதான். கியர் ஆயில் மாற்றியும் பலனில்லை. ஒரு ஒர்க்‌ஷாப்பில் கியர்பாக்ஸையே மாற்றச் சொன்னார்கள். கியர் ஒழுங்காக விழுகிற பெட்டியை எதற்கு மாற்ற வேண்டும்?

புதுப்பேட்டையில் சொல்லிவைத்திருந்த ரீகண்டிஷன் கன்வர்ட்டர் வந்துவிட்டது. லேத்தில் வெல்டிங்கை வெட்டிப் பிரித்து, கிளட்ச் லைனிங் மாற்றி, மறுபடி வெல்டு வைத்து பேலன்ஸ் பார்த்தது.

ஜனவரி 12, ஞாயிறு

காசிமேட்டில் படகு எஞ்சின் பார்க்கும் எதிர்வீட்டு அண்ணன் செயின் பிளாக்கோடு வந்தார். "தம்பி, முதல்ல எஞ்சினை மேல கட்டு. அப்புறம் கியர்பாக்ஸைத் தொடு." முன்சக்கரம் இழுக்கும் வண்டியில் கியர்பாக்ஸ் மவுண்டைக் கழற்றினால் எஞ்சின் ஒருபக்கம் தொங்கிவிடும்.

பேட்டரி, ஆயில், டிரைவ் ஷாஃப்ட், ஸ்டார்ட்டர் மோட்டார் என்று வரிசையாக இறங்கின. உப்புக் காற்றில் துருவேறிய போல்ட்டுகள்தான் பாதி நாளைத் தின்றன. கன்வர்ட்டர் போல்ட்டுகளை ஸ்டார்ட்டர் இருந்த ஓட்டை வழியாக, கிராங்க்கைத் திருப்பித் திருப்பி ஒவ்வொன்றாக எடுத்தோம். கியர்பாக்ஸ் இறங்கும்போது கன்வர்ட்டரை ஒரு கை உள்ளே அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். நழுவினால் காலில் விழும், ஆயிலும் கொட்டும்.

பழையதை உருவுவதற்கு முன், பெல் ஹவுசிங் (கன்வர்ட்டரை மூடியிருக்கும் கியர்பாக்ஸின் மணி வடிவ வாய்) விளிம்பிலிருந்து அது எவ்வளவு உள்ளே இருக்கிறது என்று அளந்து சுவரில் எழுதிவைத்தேன்.

ஜனவரி 13, போகி

தெருவெல்லாம் புகை, மேளம். பழைய ஆயில் கேனை நெருப்புப் பக்கம் போகாமல் மாடிக்கு ஏற்றியதுதான் இன்றைய வேலை.

ஜனவரி 14, பொங்கல்

பானை பொங்கும்வரை ஸ்பானரைத் தொடக் கூடாதென்று அம்மா உத்தரவு. மதியம், கியர்பாக்ஸின் முன்பக்க ஆயில் சீலை மாற்றி, ஆயில் கூலர் குழாய்களைக் கழுவினேன்.

ஜனவரி 15, மாட்டுப் பொங்கல்

வேலையின் உயிரே இன்றைக்குத்தான். கன்வர்ட்டருக்குள் புது ஆயில் ஊற்றி, ஷாஃப்ட்டில் மாட்டி, உள்ளே அழுத்திக்கொண்டே சுற்ற வேண்டும். மூன்று இடத்தில் சேர வேண்டும்: முதலில் கன்வர்ட்டருக்குள் சுழலும் டர்பைனின் பல், அடுத்து ஆயிலைத் திருப்பிவிடும் ஸ்டேட்டரின் பல், கடைசியில் கியர்பாக்ஸ் ஆயில் பம்ப்பின் காது. ஒவ்வொன்றும் 'டொக்' என்று உள்ளே இறங்கும். இரண்டாவது டொக்கிலேயே உட்கார்ந்துவிட்டது போலத் தோன்றும். வீடியோக்களில் பாட்டுப் போட்டு இரண்டு நொடியில் தாண்டிவிடுகிற இடம் இது. பம்ப் காது சேராமல் போல்ட்டை முறுக்கிக் கியர்பாக்ஸை இழுத்தால் பம்ப் உடையும், அவ்வளவுதான்.

ஸ்கேலை வைத்துப் பார்த்தேன், சுவரில் இருந்த அளவு வரவில்லை. மெதுவாகச் சுற்ற, இன்னொரு டொக். சரி.

கியர்பாக்ஸ் கையால் தள்ளியே எஞ்சினோடு விளிம்பு சேர்ந்தது. கன்வர்ட்டரும் தடையில்லாமல் சுற்றியது. அதற்குப் பிறகே போல்ட்டுக்கு டார்க் ரென்ச் வைத்தோம்.

ஜனவரி 16, காணும் பொங்கல்

வீட்டில் எல்லோரும் மெட்ரோ ஏறி மெரினா போய்விட்டார்கள். எஞ்சினை ஓடவிட்டு, லீவரை எல்லா கியருக்கும் நகர்த்தி, மேனுவல் சொல்லும் சூட்டில் ஆயில் மட்டம் பார்த்து நிரப்பினேன். மாதவரம் 200 அடி சாலையில் அறுபதைத் தொட்டதும் ஆர்.பி.எம். முள் லேசாக இறங்கி நின்றது. லாக்-அப் பிடித்துவிட்டது, நடுக்கம் இல்லை. இடதுபக்க டிரைவ் ஷாஃப்ட் சீலில் மட்டும் ஈரம் தெரிகிறது. கடை திறந்ததும் ஒன்று வாங்க வேண்டும்.