"ஒண்ணும் பண்ணாது சார்"

சென்ற செவ்வாய் காலை பால் வாங்கப் போனேன். தெருவில் மூன்றாவது வீட்டு கேட் திறந்திருந்தது. உள்ளே லாப்ரடார் நாய். "ஒண்ணும் பண்ணாது சார், பயப்படாதீங்க" என்று அந்த வீட்டுக்காரர் சொல்லி முடிப்பதற்குள் என் கெண்டைக்கால் அதன் வாயில் இருந்தது. லுங்கியில் இரண்டு ஓட்டை, காலில் நான்கு பல் தடம், ஒன்றில் ரத்தம்.

எதிர்வீட்டு அக்கா மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துக்கொண்டு ஓடி வந்தார். பாசம்தான், ஆனால் கடிவாயில் அதெல்லாம் வைக்கக் கூடாது. குழாயடியில் உட்கார்ந்து சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவினேன். 15 நிமிடம் எவ்வளவு நீளம் என்று அன்றுதான் தெரிந்தது. அப்புறம் நேராக அரசு மருத்துவமனை. ரத்தம் வந்த கடி என்பதால் காயத்தைச் சுற்றி ரேபிஸ் கிருமியை உடனே எதிர்க்கும் இம்யூனோகுளோபுலின் ஊசி (உயிர் போகிற வலி), கையில் தடுப்பூசி. முதல் ஊசி நாளை 0 என்று வைத்து 0, 3, 7, 28 ஆகிய நாட்களில். தொப்புளைச் சுற்றிப் போடுவதெல்லாம் பழைய கதை.

அந்த வீட்டுக்காரரிடம் நாயின் தடுப்பூசி அட்டையைக் கேட்டேன். தேடி எடுத்து வந்தார். கடைசி முத்திரை 2022. "வீட்டுக்குள்ளயே இருக்கிற நாய்தானே சார்" என்றார். சரி, மாநகராட்சி உரிமம்? சிரித்தார். 2024 மே மாதம் ஆயிரம் விளக்குப் பூங்காவில் ஐந்து வயதுக் குழந்தையை இரண்டு ராட்வைலர் நாய்கள் குதறியதை நினைவுபடுத்தினேன். "அது முரட்டு ஜாதி சார், நம்மது லாப்ரடார்."

தெருமுனை டீக்கடை பெஞ்சுக்கடியில் படுத்திருக்கும் கருப்பன், கருத்தடை செய்த அடையாளமாகக் காது வெட்டப்பட்ட தெருநாய், இதுவரை யாரையும் கடித்ததில்லை.

இன்று மூன்றாவது ஊசி. கேட் திறந்துதான் இருந்தது. நான் பின் தெரு வழியாகப் போனேன்.