லிஸ்பனில் ஒரு ஜன்னல்

போர்ச்சுகலின் தலைநகர் லிஸ்பன் போவதாக இருந்தால் முதலில் நல்ல பிடிப்புள்ள ஷூ ஒன்று எடுத்து வையுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். ஊர் முழுக்க ஏற்றமும் இறக்கமும்தான். நடைபாதைகளில் சின்னச் சின்ன வெள்ளைச் சுண்ணாம்புக் கற்களைப் பதித்து, நடுவே கறுப்புக் கல்லால் அலையும் பூவுமாகக் கோலம் போட்ட மாதிரி இழைத்திருக்கிறார்கள், பார்க்க அவ்வளவு அழகு, ஆனால் இரண்டு தூறல் விழுந்தால் போதும், காலை வாரிவிடும். போன அக்டோபரில் நாங்கள் போய் இறங்கிய வியாழக்கிழமை மாலை தூறிக்கொண்டுதான் இருந்தது. ம்யூனிக்கிலிருந்து வந்த தோழி பெட்டியோடு சறுக்கி உட்கார்ந்துவிட்டாள். நல்ல வேளை, அடி எதுவும் இல்லை.

நாங்கள் நான்கு பேரும் திருச்சியில் ஒன்றாகப் படித்தவர்கள். நான் ஃப்ராங்க்ஃபர்ட்டில் இருக்கிறேன், அவள் ம்யூனிக்கில். தூத்துக்குடிக்காரன் லண்டனில், இன்னொருவன் ஆம்ஸ்டர்டாமில். நான்கு பேருக்கும் ஒரே வாரம் லீவு கிடைத்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. எங்கே போகலாம் என்று வாட்ஸப்பில் அடித்துக்கொண்டபோது ம்யூனிக்காரிதான் லிஸ்பன் என்று பிடிவாதமாக நின்றாள். அவள் சின்ன வயதில் பத்து வருஷம் பாட்டு கற்றவள், ஃபாடு இசையை அந்த ஊர் மண்ணிலேயே உட்கார்ந்து கேட்க வேண்டும் என்பது அவளுடைய ரொம்ப நாள் ஆசை.

ஃபாடு என்பது லிஸ்பனின் துறைமுகத்தை ஒட்டிய ஏழைப் பேட்டைகளில், மதுக்கடைகளில், 19-ஆம் நூற்றாண்டில் வளர்ந்த பாட்டு. மோராரியா பேட்டையில் வாழ்ந்து 26 வயதில், 1846-ல் இறந்துபோன மரியா செவேரா என்ற பெண்ணைத்தான் அதன் முதல் பெரிய பாடகியாகச் சொல்கிறார்கள். யுனெஸ்கோ 2011-ல் இதைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

முதல் ராத்திரி எங்களுக்குச் சரியாக அமையவில்லை. அவசரத்தில் இணையத்தில் பார்த்து ஒரு பெரிய உணவகத்தில் இடம் பிடித்திருந்தோம். உட்கார்ந்த உடனே ரொட்டி, ஆலிவ், சீஸ் என்று மேசையில் கொண்டுவந்து வைத்தார்கள், வரவேற்புக்குத் தருகிறார்கள் என்று நினைத்துத் தின்று தீர்த்தோம், பில்லில் அதற்குத் தனியாக விலை இருந்தது. இது அந்த ஊர் முழுக்க உள்ள வழக்கம்தான், வேண்டாம் என்றால் கை வைக்காமல் திருப்பிக் கொடுத்துவிடலாம், காசு கேட்க மாட்டார்கள். அது போகட்டும். பாடும்போது பாதி மேசைகளில் பேச்சு, பாதி மேசைகளில் போன் வெளிச்சம், தட்டுச் சத்தம். அந்தப் பாடகியின் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது. ம்யூனிக்காரி திரும்பி வரும் வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் முழுக்கச் சாப்பாடு. ருவா டு ஆர்செனல் என்ற தெருவில் நடந்து போய்க்கொண்டிருந்தபோது தூத்துக்குடிக்காரன் சட்டென்று நின்று மூக்கை நிமிர்த்தினான். கருவாட்டுக் கடை! உப்புப் போட்டுக் காயவைத்த காட் மீன், பலகை பலகையாக, இடுப்பு உயரத்துக்கு அடுக்கி வைத்திருந்தார்கள். பக்கல்யாவ் என்று பெயர். இதில் வேடிக்கை என்னவென்றால் அந்த மீன் போர்ச்சுகல் கடலில் கிடைப்பதே இல்லை, நார்வேயிலிருந்தும் ஐஸ்லாந்திலிருந்தும்தான் வருகிறது, ஆனாலும் பல நூறு வருஷமாக அதுதான் அவர்களுடைய வீட்டுச் சாப்பாடு. சமைப்பதற்கு முன் ஒரு நாள், இரண்டு நாள் ஊறவைத்துத் தண்ணீரை மாற்றி மாற்றி உப்பை எடுக்க வேண்டும்.

மதியம் அதிலேயே ஒரு பதார்த்தம் சாப்பிட்டோம். மீனை நார் நாராக உதிர்த்து, தீக்குச்சி கனத்தில் நறுக்கிப் பொரித்த உருளைக்கிழங்கு, வெங்காயம், முட்டை எல்லாம் சேர்த்து, முட்டை முழுசாக இறுகுவதற்கு முன் இறக்கி, மேலே கறுப்பு ஆலிவும் பொடியாக அரிந்த பார்ஸ்லியும் தூவித் தருகிறார்கள். "டேய், இது எங்கம்மா பண்ணுற சுறாப்புட்டுக்கு அக்கா முறை" என்றான் தூத்துக்குடிக்காரன். ஒரு பச்சை மிளகாய் மட்டும்தான் குறை. அவனுக்கு இன்னொரு தட்டு சொல்ல வேண்டியிருந்தது.

பெலேம் பக்கம் போனால் 1837-லிருந்து நடக்கும் அந்தப் பெரிய கடையில் முட்டை மஞ்சள்கரு வைத்துச் சுடும் குட்டி டார்ட் கட்டாயம் சாப்பிடுங்கள். வரிசை நீளமாக இருக்கும், ஆனால் வேகமாக நகரும். சூடாக வாங்கி, மேலே பட்டைப் பொடி தூவி, நின்றுகொண்டே தின்ன வேண்டும், விளிம்பு அப்பளம் மாதிரி நொறுங்கும், உள்ளே கொழகொழவென்று நாக்கைச் சுடும். இன்னொன்று, காபிக் கடைகளின் கண்ணாடி அலமாரியில் ஷமூஸா என்று எழுதி வைத்திருப்பார்கள், நம் சமோசாவேதான், கோவாவிலிருந்து கப்பல் ஏறிப் போய் அங்கேயே தங்கிவிட்டது. 28-ஆம் நம்பர் டிராமில் காலை எட்டு மணிக்கு முன்னால் ஏறுங்கள், அதற்கு மேல் கூட்டம்.

சனிக்கிழமை பகலில் அமாலியா ரொட்ரிகஷ் கல்லறைக்குப் போனோம். ஃபாடு என்றால் உலகத்துக்கு அவர் குரல்தான். 1999-ல் அவர் இறந்தபோது அரசாங்கம் மூன்று நாள் துக்கம் அறிவித்தது. 2001-ல் நாட்டின் பெரிய மனிதர்களை வைக்கும் தேசிய மண்டபத்துக்கு அவர் உடலை மாற்றினார்கள், அங்கே இடம் பெற்ற முதல் பெண் அவர். நாங்கள் போனபோது கல்லின் மேல் வாடாத பூக்கள் இருந்தன. ம்யூனிக்காரி கொஞ்ச நேரம் கண் மூடி நின்றாள், நாங்கள் தள்ளி நின்றுகொண்டோம்.

அன்று ராத்திரியைப் பற்றிச் சொல்லத்தான் இதையெல்லாம் எழுத ஆரம்பித்தேன்.

தங்கியிருந்த வீட்டுக்கார அம்மா ஓர் இடம் சொல்லியிருந்தார். அல்ஃபாமா பேட்டையில், கை நீட்டினால் இரண்டு பக்கச் சுவரும் தட்டுப்படும் ஒரு சந்தில், ஆறே மேசை போட்ட சாப்பாட்டுக் கடை. 1755 நிலநடுக்கத்தில் ஊரே விழுந்தபோதும் பெரிய அளவில் தப்பித்த பேட்டை அது, சந்தெல்லாம் அந்தக் காலத்து வளைவிலேயே இருக்கின்றன. ஒன்பது மணிக்கு மேல் இரண்டு பெரியவர்கள் வந்து சுவர் ஓரம் உட்கார்ந்தார்கள். ஒருவர் கையில் சாதாரண கிட்டார், மற்றவர் கையில் போர்த்துகீசிய கிட்டார், பேரிக்காய் வடிவம், 12 கம்பி, இரண்டிரண்டாக ஆறு ஜோடி. விரல் நுனியில் பொய் நகம் மாட்டி அதைச் சுண்டுகிறார்கள். தலைப்பகுதியில் முறுக்காணிகள் விசிறி விரித்த மாதிரி இருந்தன.

விளக்கை அணைத்தார்கள். மெழுகுவத்தி மட்டும். யாரோ ஒருவர் ஒரே வரி சொன்னார், அமைதி, ஃபாடு பாடப் போகிறோம் என்று அர்த்தமாம். அவ்வளவுதான். கரண்டிச் சத்தம் நின்றது, வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தவர்கள்கூட வாயை மூடினார்கள். எங்களுக்கு சூப் கொண்டுவந்து வைத்த அதே அம்மா, அறுபது வயது இருக்கும், ஏப்ரனில் கையைத் துடைத்துவிட்டு, சமையலறைக் கதவோரம் ஆணியில் தொங்கிய கறுப்புச் சால்வையை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். மைக் கிடையாது. கண்ணை மூடி, தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து, சால்வையின் நுனியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தொடங்கினார்.

நான் பாட்டு தெரிந்தவள் இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம், அந்தக் குரல் வரியின் கடைசியில் வந்து நின்று, நடுங்கி, உடனே இறங்காமல் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இறங்கியபோது என் தொண்டை அடைத்துக்கொண்டது என்பதுதான். ம்யூனிக்காரி அப்புறம் விளக்கினாள். பழைய ஃபாடுகளில் மெட்டு ஒரு சட்டம்தானாம், அளவு பொருந்தினால் எந்தக் கவிதையையும் அதில் வைத்துப் பாடலாம், வரியை எங்கே நிறுத்துவது, எங்கே இழுப்பது என்பது பாடுகிறவர் மனசு. விருத்தம் பாடுகிறவர்கள் சொல்லுக்குத் தகுந்தபடி நிறுத்தி நிறுத்திப் போவது அவளுக்கு ஞாபகம் வந்ததாம்.

இரண்டாவது பாட்டில்தான் அது நடந்தது. ஒரு வார்த்தை புரியாமல் குரலையே கேட்டுக்கொண்டிருந்த நான், நடுவில் தெளிவாக "ஜனேலா" என்று கேட்டேன். என் கையை ம்யூனிக்காரி அழுத்திப் பிடித்தாள், அவளுக்கும் கேட்டிருக்கிறது. ஜன்னல்! அடுத்த அடியில் திரும்ப வந்தது, இந்த முறை அந்த அம்மா அந்தச் சொல்லை மெல்ல விட்டுவிட்டு மூச்சு எடுத்தார். பாட்டில் யார் ஜன்னலில் நிற்கிறார்கள், யாருக்காகக் காத்திருக்கிறார்கள், எதுவும் எனக்குத் தெரியாது. ஆனால் எங்கள் ஸ்ரீரங்கத்து வீட்டின் கம்பி வைத்த மர ஜன்னல், அதன் பச்சைப் பெயிண்ட் உரிந்த இடம், அங்கே முகம் பதித்து நின்ற எங்கள் ஆச்சி, எல்லாம் ஒரு நொடியில் கண் முன்னால் வந்து நின்றன. போர்த்துகீசியரோடு கப்பலில் வந்து நம் ஜன்னலாகிப்போன அந்தச் சொல் அல்லவா எங்களை விட எத்தனையோ தூரம் பயணம் செய்திருக்கிறது.

தமிழ் முதன்முதலில் அச்சேறியதும் இதே லிஸ்பனில்தான், 1554-ல், ரோமன் எழுத்தில், நம் பக்கத்திலிருந்து அங்கே போன மூன்று பேர் மொழிபெயர்த்துக் கொடுத்த ஒரு சின்ன மறைநூல். தமிழ் எழுத்திலேயே அச்சானது அதற்கப்புறம், 1578-ல், கொல்லத்தில்.

பாட்டு முடிந்து விளக்குப் போட்டதும் அந்த அம்மா பழையபடி ஏப்ரன் கட்டிக்கொண்டு அரிசிப் பாயசம் கொண்டுவந்தார், எலுமிச்சைத் தோல் வாசனை, மேலே பட்டைப் பொடியால் கட்டம் கட்டமாகக் கோடு. ம்யூனிக்காரி சுவரில் இருந்த ஜன்னலைக் காட்டி "ஜனேலா, தமிழில் ஜன்னல்" என்றாள். அவருக்கு முதலில் புரியவில்லை. மேசையைத் தட்டி "மேசை" என்றோம், "மேசா!" என்றார். அலமாரியைக் காட்டி "அலமாரி" என்றோம், "அர்மாரியு!" என்று சிரித்து, கிட்டார்க்காரர்களைக் கூப்பிட்டு எங்களைத் திரும்பச் சொல்லச் சொன்னார்.

கிளம்பும்போது மணி ஒன்று. நாங்கள்தான் கடைசி. கதவைப் பூட்ட வெளியே வந்தவரிடம் தூத்துக்குடிக்காரன் அவர் கையைக் காட்டி "சாவி" என்றான். அவர் தெரு விளக்கில் அதைத் தூக்கிப் பிடித்து, எங்கள் நான்கு பேரையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, "ஷாவ்" என்றார்.