ஃப்ளாப்பில் எவ்வளவு போடுவது? சால்வரோடு மூன்று மாதம்

டெக்சாஸ் ஹோல்டெம் போக்கர். ஸ்மால் பிளைண்ட், பிக் பிளைண்ட் என்ற இரண்டு இடத்துக்காரர்கள் சீட்டைப் பார்க்கும் முன்பே கட்டாயத் தொகை போட்டிருப்பார்கள்; பிக் பிளைண்ட் போடும் தொகையைத்தான் இங்கே ஒரு பிளைண்ட் என்கிறேன். பட்டனில் இருந்து, அதாவது ஃப்ளாப்பில் கடைசியாக ஆடும் இடத்தில் இருந்து, 2.5 பிளைண்டுக்கு ரெய்ஸ் செய்கிறேன். ஸ்மால் பிளைண்ட் ஃபோல்ட் (விலகிவிடுகிறார்), பிக் பிளைண்ட் கால் (அதே தொகையைப் போடுகிறார்). நடுவில், அதாவது பாட்டில், 5.5 பிளைண்ட் சேர்ந்துவிட்டது, இருவரிடமும் இன்னும் 97.5 இருக்கிறது. ஃப்ளாப், அதாவது எல்லோருக்கும் பொதுவான முதல் மூன்று சீட்டுகள், விழுகிறது, அவர் எதுவும் போடாமல் செக் செய்கிறார். இப்போது நான் எவ்வளவு போட வேண்டும்?

மூன்று மாதமாக மாலை நேரங்களில் இந்த ஒரு கேள்வியோடுதான் உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு முன்பு என்னிடம் இருந்தது வெறும் பழக்கம். நல்ல கை என்றால் முக்கால் பாட், சுமாரான கை என்றால் பாதி, ஒன்றுமே இல்லையென்றால் செக். கையைப் பார்த்து அளவை மாற்றுகிறவரின் கையை அளவை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். அதை ஒழிக்கத்தான் சால்வர் என்ற கணினி நிரலைத் திறந்தேன்.

சால்வர் செய்யும் வேலை புரிந்துகொள்ள எளிதானது. இருவரின் ரேஞ்ச் (அவரவரிடம் இருக்கக்கூடிய எல்லாக் கைகளும்), போர்டு (மேஜையில் திறந்த பொதுச் சீட்டுகள்), எந்தெந்த அளவில் பெட் செய்யலாம் என்ற பட்டியல், இவ்வளவும் நாம் கொடுக்க வேண்டும். அது இரண்டு பக்கமும் தானே ஆடி, எங்கே வேறு மாதிரி ஆடியிருக்கலாம் என்று கணக்குப் பார்த்துத் திருத்தித் திருத்தி, இனி யார் மாற்றினாலும் பெரிதாக லாபம் இல்லை என்ற இடத்துக்கு வந்து நிற்கும். இந்த முறையின் அடிப்படைக் கட்டுரை 2007-இல் வந்தது. 2015-இல் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தின் செஃபியஸ் என்ற நிரல், இருவர் ஆடும் லிமிட் ஹோல்டெமை (பெட் அளவுகள் முன்பே நிர்ணயிக்கப்பட்ட வகை) ஏறக்குறைய முழுதாகத் தீர்த்துக் காட்டியது. அதே ஆண்டில் பையோசால்வர் என்ற மென்பொருளும் வந்து, வீட்டுக் கணினியிலேயே ஃப்ளாப்பை ஆராயலாம் என்றாகிவிட்டது.

மொத்தம் 22,100 ஃப்ளாப்கள். சூட்டை (ஹார்ட், ஸ்பேட் போன்ற சீட்டு வகையை) மட்டும் மாற்றினால் ஒன்றாகிவிடுபவற்றைச் சேர்த்தால் 1,755. அத்தனையையும் ஓட்ட என் கணினிக்கும் பொறுமைக்கும் தாங்காது. அதனால் 30 ஃப்ளாப்களை எடுத்துக்கொண்டேன்: ஏஸ் இருப்பவை, கிங் குயின் இருப்பவை, தாழ்ந்து தொடர்ச்சியாக வருபவை, ஜோடி விழுந்தவை, மூன்றும் ஒரே சூட்டாக இருப்பவை.

முதல் இரண்டு வாரத்தில் வந்த முடிவுகள் அத்தனையையும் தூக்கிப்போட வேண்டியதாயிற்று. எந்தப் போர்டைக் கொடுத்தாலும் சால்வர் "மூன்றில் ஒரு பங்கு பெட், ஏறக்குறைய எல்லாக் கையோடும்" என்றது. 8-7-6 போன்ற போர்டில்கூட! எனக்கு ஒரே சந்தோஷம், ஒரே அளவு, மனப்பாடம் செய்ய எதுவுமே இல்லை. கூடப் படிக்கும் நண்பனுக்குக் கோப்பை அனுப்பினேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது: "சின்ன பெட்டுக்கு எதிரா பிக் பிளைண்டுக்கு ரெய்ஸே கொடுக்கலையேடா. அவன் கையைக் கட்டிப்போட்டுட்டு அடிக்கிற."

உண்மைதான். ட்ரீ, அதாவது இருவரும் என்னென்ன செய்யலாம் என்று சால்வருக்குக் கொடுக்கும் கிளைப்படம், சிறிதாக இருக்க வேண்டும் என்பதற்காக அந்த இடத்தில் ரெய்ஸ் என்ற கிளையை நான் வெட்டியிருந்தேன். செக் செய்தவர் நம் பெட்டுக்கு மேல் ஏற்றுவதுதான் செக்-ரெய்ஸ், சின்ன பெட்டுக்குக் கொடுக்க வேண்டிய விலையே அதுதான். 1.8 பிளைண்ட் போடுகிறோம், எதிராளி 7 பிளைண்டுக்கு ஏற்றுகிறார், பாதி வளர்ந்த நம் கைகளெல்லாம் அங்கேயே விழுகின்றன. அந்த ஆபத்தை எடுத்துவிட்டால் சின்ன பெட் ஏறக்குறைய இலவசம். கிளையைத் திரும்பச் சேர்த்து ஓட்டியதும் 8-7-6-இல் பாதிக்கும் மேல் செக் ஆகிவிட்டது. அன்றிலிருந்து எந்த முடிவைப் பார்த்தாலும் முதலில் ட்ரீயைத்தான் பார்க்கிறேன். எதிராளிக்கு எந்தக் கதவை அடைத்திருக்கிறோம்?

அடுத்த ஒரு மாதம் வண்ணங்களோடு போனது. சால்வரின் திரையில் ஒவ்வொரு கைக்கும் ஒரு சின்னக் கட்டம் இருக்கும், சிவப்பு பெட், பச்சை செக். கிங்-7-2, மூன்றும் வேறு வேறு சூட். என் கையில் 9-9. கட்டத்தில் கொஞ்சம் சிவப்பு, கொஞ்சம் பச்சை. நோட்டுப் புத்தகத்தில் "9-9: 60 பெட், 40 செக்" என்று எழுதினேன். 8-8-க்கு வேறு எண், 10-10-க்கு வேறு எண். இப்படி 30 போர்டுக்கும் பக்கம் பக்கமாக எழுதி வைத்தேன்.

பிறகு ஒருநாள் ஈ.வி. காட்டும் பக்கத்துக்கு மாறினேன். ஈ.வி. என்றால் ஒரு முடிவு சராசரியாக எத்தனை பிளைண்ட் ஈட்டித் தரும் என்ற கணக்கு. 9-9-க்கு பெட்டின் ஈ.வி.யும் செக்கின் ஈ.வி.யும் இரண்டாம் தசம இடம் வரை ஒரே எண். அப்படித்தான் இருக்க முடியும் என்பது அப்போதுதான் உறைத்தது. ஒன்று மற்றதைவிட நல்லது என்றால் சால்வர் நல்லதை மட்டும்தானே ஆடும்? இரண்டும் சமம் என்பதால்தான் கலக்கிறது. 60-40 என்பதற்கு "பெட் கொஞ்சம் மேல்" என்று பொருள் இல்லை. எதிராளி நம்மைப் பிடிக்காமல் இருக்க மொத்த ரேஞ்சும் எந்த விகிதத்தில் இருக்க வேண்டும் என்பதை மட்டும்தான் அந்த எண் சொல்கிறது. நான் ஒரு மாதமாக எழுதி வைத்த எண்களில் பெரும்பாலானவை, தவறினாலும் அந்தக் கைக்கு ஒரு பைசாகூட நஷ்டம் வராத இடங்கள். நஷ்டம் வருவது கலவையே இல்லாத கைகளில். அவற்றைத் தனியாக எழுத ஆரம்பித்தேன், நோட்டு பத்துப் பக்கமாகச் சுருங்கியது.

அடுத்து எனக்குத் தேவைப்பட்டது அளவுகளுக்கு இடையே ஒப்பீடு. ஒரே போர்டுக்கு மூன்று ட்ரீ: ஒன்றில் மூன்றில் ஒரு பங்கு மட்டும், ஒன்றில் முக்கால் பாட் மட்டும், மூன்றாவதில் இரண்டும் உண்டு. மூன்றிலும் பட்டனின் மொத்த ஈ.வி. என்ன? இங்கே இன்னொரு வழுக்கல். துல்லியத்தை பாட் தொகையில் 1 சதவீதம் என்று விட்டிருந்தேன். 5.5-இல் 1 சதவீதம் 0.055 பிளைண்ட். எனக்குக் கிடைத்த வித்தியாசங்களில் பல அதைவிடச் சிறியவை. இஞ்சில் மட்டும் கோடு போட்ட அளவுகோலால் நூலின் தடிமனை அளந்த கதை. துல்லியத்தை 0.2 சதவீதத்துக்கு இறக்கினேன், அதாவது 0.011 பிளைண்ட். ஒவ்வொன்றும் பல மடங்கு நேரம் எடுத்தது. இரவில் ஓடவிட்டுக் காலையில் பார்ப்பேன்.

காலையில் பார்த்தது என் எண்ணத்தையே மாற்றியது. பெரும்பாலான போர்டுகளில், பொருத்தமான ஒரே ஒரு அளவை வைத்து ஆடினாலும் இரண்டு அளவு ட்ரீயோடு ஒப்பிட்டால் இழப்பு மிகச் சிறியது. பாட் தொகையில் ஒரு சதவீதத்தைக்கூட எட்டவில்லை. மேஜையில் நான் செய்யும் மற்ற தவறுகளுக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. அப்படியானால் ஒரு போர்டுக்கு ஒரு அளவு போதும். எந்தப் போர்டுக்கு எது, ஏன் என்பது மட்டும்தான் மிச்சம்.

அந்த "ஏன்"-க்கு நான் கைகளை எண்ணிப் பார்த்தேன். எனக்கு மிகவும் பயன்பட்டதும் இந்த எண்ணிக்கைதான்.

கிங் ஸ்பேட், 7 டைமண்ட், 2 கிளாவர். பிக் பிளைண்டிடம் ஏஸ்-ஏஸ், கிங்-கிங், ஏஸ்-கிங் இருந்திருந்தால் ஃப்ளாப்புக்கு முன்பே மறு ரெய்ஸ் செய்திருப்பார். அவரிடம் மிஞ்சும் பெரிய கைகள்: 7-7 மூன்று விதம், 2-2 மூன்று விதம், ஒரே சூட்டில் கிங்-7 இரண்டு விதம், கிங்-2 இரண்டு விதம். என்னிடம் 7-7, 2-2 மூன்று மூன்று விதம், கிங்-கிங் மூன்று விதம், ஏஸ்-ஏஸ் ஆறு விதம், ஏஸ்-கிங் பன்னிரண்டு விதம். என் ரேஞ்ச் முழுவதுமே முன்னால் நிற்கிறது. அவரிடம் இருக்கும் 10-9, ஜாக்-8 போன்ற கைகளுக்கு இந்தப் போர்டில் பிடிப்பே கிடையாது, 1.8 பிளைண்டுக்கே போய்விடும். நான் 4 பிளைண்ட் போட்டாலும் அதே கைகள்தான் போகப்போகின்றன. குறைந்த விலைக்குக் கிடைப்பதற்கு ஏன் அதிகம் கொடுக்க வேண்டும்? குயின்-ஜாக் வைத்திருக்கும்போது 10-9 ஃபோல்ட் ஆவது சின்ன விஷயம் இல்லை, அதற்கு ஜோடி சேர ஆறு சீட்டுகள் உயிரோடு இருந்தன. அதனால் இங்கே சின்ன பெட், அடிக்கடி.

ஏஸ்-கிங்-5 பார்க்க இதைப் போலவே இருந்தாலும் அளவு வேறு. ஏஸ்-ஏஸ் மூன்று, கிங்-கிங் மூன்று, ஏஸ்-கிங் ஒன்பது, ஆகப் பதினைந்து விதமும் என் பக்கம், அவரிடம் ஏறக்குறைய எதுவுமில்லை. ஆனால் அவரிடம் ஒரு ஏஸோ ஒரு கிங்கோ இருக்கும் கைகள் ஏராளம். அவை ஃபோல்ட் ஆகாது, ரெய்ஸும் ஆகாது. அங்கே பெரிய அளவுக்குக் கூலி கிடைக்கிறது.

இதில் ஒரு கணக்கு எனக்குப் பிடித்தமானது. 97.5 பிளைண்டையும் ஃப்ளாப், டர்ன் (நான்காம் பொதுச் சீட்டு), ரிவர் (ஐந்தாவது) மூன்றிலும் ஒரே விகிதத்தில் போட்டு முடிக்க வேண்டுமென்றால், ஒவ்வொரு முறையும் பாட் தொகையில் சுமார் 116 சதவீதம் போட வேண்டும். ஃப்ளாப்பில் மூன்றில் ஒரு பங்கோடு நிறுத்தினால் மிச்ச இரண்டிலும் சுமார் 184 சதவீதம் தேவை. மறு ரெய்ஸ் ஆன பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள்: நடுவில் 22.5, கையில் 89. அதே கணக்கு 54 சதவீதத்தில் முடிந்துவிடுகிறது. அங்கே அரை பாட் அவ்வளவு இயல்பாகப் பொருந்துவதன் காரணம் இப்போது கண்ணுக்குத் தெரிகிறது.

சரி, 8 ஹார்ட், 7 ஹார்ட், 6 கிளாவர். நான் வைத்த பட்டன் ரேஞ்சில் சூட் சேராத 7-6, 8-6 கிடையாது. பிக் பிளைண்டுக்குக் கொடுத்த ரேஞ்சில் அவை ஓரளவு உண்டு. ஒவ்வொன்றும் ஏழு விதம், இரண்டும் இரண்டு ஜோடி. 9-5, 5-4 போன்றவையும் அவரிடம்தான் அதிகம், அவை ஸ்ட்ரெய்ட் (தொடர்ச்சியான ஐந்து சீட்டுகள்). என்னிடம் ஓவர்பேர்கள் (போர்டில் உள்ள எல்லாச் சீட்டையும்விட உயர்ந்த ஜோடிகள்) இருந்தாலும் அவற்றைச் சுற்றி கிங்-ஜாக், ஏஸ்-குயின் என்று இந்தப் போர்டைத் தொடாத கைகள் குவிந்து கிடக்கின்றன. எல்லாவற்றோடும் சின்ன பெட் போட்டால் செக்-ரெய்ஸ் மழை. ஆகவே நிறைய செக். போடுவதென்றால் முக்கால் பாட், அதுவும் ஓவர்பேர், செட் (கையில் உள்ள ஜோடியோடு போர்டின் ஒரு சீட்டும் சேர்ந்து மூன்று ஆவது), நல்ல டிரா (இன்னும் ஒரு சீட்டு வந்தால் பெரிய கையாவது) போன்ற கைகளோடு. டர்னில் பாதிச் சீட்டுகள் படத்தையே மாற்றிவிடும் போர்டு இது. நல்ல கைக்கு இப்போதே விலை கேட்க வேண்டும்.

ஜோடி விழுந்த போர்டு, ஒரே சூட் போர்டு இரண்டிலும் சின்ன அளவு. இவற்றில் எனக்குப் பெரிய ஆச்சரியம் எதுவும் கிடைக்கவில்லை.

மூன்றாவது மாதம் எதிராளியின் பக்கம் திரும்பினேன். பாட்டுக்கு மூன்றில் ஒரு பங்கு போட்டால், நான்கில் ஒரு முறை அவர் ஃபோல்ட் செய்தாலே வெறும் புளஃபுக்குப் போட்ட காசு திரும்பிவிடும். முக்கால் பாட்டுக்கு ஏழில் மூன்று முறை வேண்டும். ஆனால் இந்தக் கணக்கை ஃப்ளாப்பில் அப்படியே பிடித்துக்கொள்ளக் கூடாது என்பதை சால்வர் காட்டியது. பிக் பிளைண்ட் அந்த எல்லையைவிடச் சற்று அதிகமாகவே ஃபோல்ட் செய்கிறார், அது தவறும் இல்லை. என் புளஃப் கைகளுக்கு செக் செய்தாலும் ஜெயிக்க வாய்ப்பு உண்டு. பெட் வெறும் பூஜ்யத்தைத் தாண்டினால் போதாது, செக்கின் ஈ.வி.யைத் தாண்ட வேண்டும்.

மேஜையில் நான் பார்க்கும் ஆட்டக்காரர்கள் சின்ன பெட்டுக்கு செக்-ரெய்ஸ் மிகக் குறைவாகவே செய்கிறார்கள். அதை நோட் லாக் செய்து பார்த்தேன், அதாவது எதிராளி இப்படித்தான் ஆடுவார் என்று அந்த இடத்தைப் பூட்டிவிட்டு மறுபடி ஓட்டுவது. உடனே 8-7-6-இலும் சின்ன பெட் தலையெடுத்தது. என் முதல் வாரத் தவறு திரும்பி வந்த மாதிரி இருந்தது. ஆனால் இந்த முறை கதவை அடைத்தது யார், ஏன் என்று எனக்குத் தெரியும். அப்புறம் பூட்டு கொஞ்சம் மாறினாலும் விடை பெரிதாக ஆடுகிறது. ஒரே ஆளோடு நூற்றுக்கணக்கான கை ஆடிப் பார்க்காமல் அதை நம்பி இறங்க எனக்கு மனம் வரவில்லை.

போன வாரம் ஆடியபோது 9 ஹார்ட், 8 ஹார்ட், 6 ஸ்பேட் விழுந்தது. என் கையில் ஏஸ் கிளாவர், குயின் டைமண்ட். அவர் செக். பழைய நான் பாதி பாட் போட்டிருப்பேன். செக் செய்தேன். டர்னில் 7 ஸ்பேட், அவர் முக்கால் பாட் போட்டார், விட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்து ஓட்டிப் பார்த்தால் அந்தக் கைக்கு ஃப்ளாப்பில் கட்டம் முழுக்கப் பச்சை. நோட்டின் பத்துப் பக்கத்தில் அது ஏற்கெனவே இருந்தது.

இப்போது ஓடிக்கொண்டிருப்பது கிங்-7-2-இன் டர்ன். சின்ன பெட்டுக்குக் கால் வந்த பிறகு ஏஸ், 8, 2 என்று மூன்று வகைச் சீட்டுகள், ஒவ்வொன்றுக்கும் அரை பாட், ஒன்றேகால் பாட் என்று இரண்டு அளவு. செக்-ரெய்ஸ் கிளை எல்லா இடத்திலும் இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் ஓடவிட்டிருக்கிறேன்.