குளோசபின் மாத்திரைக்கு மாறியபோது

எனக்கு மனச்சிதைவு நோய். ரிஸ்பெரிடோன், ஓலன்சபின் இரண்டையும் சொன்ன அளவில் வாரக்கணக்கில் சாப்பிட்டும் காதில் கேட்கும் குரல்கள் அடங்கவில்லை. இப்படி இரண்டு மருந்துக்கும் கேட்காதவர்களுக்குத்தான் குளோசபின் என்றார் டாக்டர். ஆனால் முதல் 18 வாரம் வாராவாரம் ரத்தப் பரிசோதனை, அப்புறம் மாதம் ஒருமுறை.

அம்மா பயந்துவிட்டார். "வாராவாரம் ரத்தம் எடுத்தா இவ உடம்பு என்னத்துக்கு ஆகும்?" எடுப்பது ஓரிரு மில்லிதான் என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். பரிசோதனை இந்த மருந்தின் ஒரு பக்கவிளைவுக்காகத்தான்: நூற்றில் ஒருவருக்கும் குறைவாகத்தான் வரும், ஆனால் வந்தால் கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் சரிந்துவிடும். பெரும்பாலும் முதல் சில மாதங்களில். நியூட்ரோஃபில் என்ற வகை வெள்ளை அணு 1500-க்குக் கீழே போனால் மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிடுவார்கள். அதிலிருந்து லேப் ரிப்போர்ட் வந்ததும் அம்மா தேடுவது அந்த வரியைத்தான்.

ஆரம்பம் 12.5 மில்லிகிராம், அதாவது 25 மில்லிகிராம் மாத்திரையில் பாதி. மெதுவாகத்தான் ஏற்றுவார்கள், அவசரப்பட்டால் ரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் வரும். எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது அந்த வாரங்கள்தான். குரல்கள் அப்படியே இருக்க, தூக்கம் மட்டும் கூடிக்கொண்டே போனது. காலையில் தலையணை எச்சிலில் நனைந்திருக்கும். மேலே ஒரு துண்டு விரித்துப் படுத்தேன். எச்சிலைக்கூடச் சமாளித்துவிடலாம், மலச்சிக்கலை அப்படி விடக் கூடாது. இந்த மருந்தில் அது முற்றி உயிருக்கே ஆபத்தாகலாம். இரண்டு நாள் மலம் போகவில்லை என்றாலே டாக்டரிடம் சொல்லிவிடுவேன். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, தயவுசெய்து நீங்களும் சொல்லுங்கள்.

குரல்கள் ஒரேயடியாக நிற்கவில்லை. முதலில் தள்ளிப் போயின. திட்டு குறைந்து வெறும் முணுமுணுப்பானது. ஒருநாள் பேருந்தில் பக்கத்தில் இருந்த அக்கா தன் மகள் படிப்பைப் பற்றிச் சொன்னதை முழுசாகக் கேட்டு, பதிலும் சொன்னேன். நடுவில் வேறு யாரும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது அம்மா அழுதுவிட்டார்.

இப்போது மாதப் பரிசோதனைதான். காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் மட்டும் அன்றே போய் ரத்தம் பார்த்துவிடுகிறோம். ஊருக்குப் போனால் மாத்திரை கைப்பையில் இருக்கும், பெட்டியில் வைப்பதில்லை. 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவை அப்படியே போட்டுக்கொள்ளக் கூடாது. டாக்டரைக் கேட்டு, மறுபடி அந்தப் பாதி மாத்திரையிலிருந்து தொடங்க வேண்டும்.