15 வயது சஃபாரிக்கு மறுபதிவு: டர்போவைவிடப் படுத்திய ஒரு முத்திரை

எங்கள் வீட்டு டாடா சஃபாரி 2010ஆம் ஆண்டு மாடல், 2.2 லிட்டர் டைகோர் டர்போ டீசல் இன்ஜின், நான்கு சக்கர இயக்கம், ஆர்.சி. (பதிவுச் சான்று) அப்பாவின் பெயரில். கோத்தகிரியிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் எங்கள் தோட்டத்துக்கு மழைக்காலத்தில் ஏறி வரக்கூடிய வண்டி அது ஒன்றுதான் என்பதால், 15 ஆண்டுப் பதிவு முடிந்ததும் தள்ளிவிடலாம் என்ற பேச்சுக்கே வீட்டில் இடமில்லை. மறுபதிவுக்கு என்னென்ன வேண்டும் என்பது பலருக்கும் தெரிந்ததுதான்: படிவம் 25, நடப்பில் உள்ள இன்சூரன்ஸ், புகைச் சான்று, 5,000 ரூபாய் கட்டணம், பசுமை வரி, ஆய்வாளர் முன்னிலையில் வண்டி. இவற்றில் இன்சூரன்ஸ் உட்கார்ந்த இடத்திலேயே முடிந்தது. மற்றவை எங்களை மலைக்கும் கீழுக்குமாக இழுத்தடித்தன.

முதல் தடை புகை. ஆக்சிலேட்டரை மிதித்ததும் கிளம்பிய கரும்புகையைப் பார்த்த பரிசோதனை நிலையத்துக்காரர், கருவியைச் செருகாமலேயே எடுத்து வைத்துவிட்டார். சில மாதங்களாகவே வண்டியில் இழுவை குறைந்திருந்தது; மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது, முன்பு மூன்றாவது கியரில் வந்த மேடுகளில் இரண்டுக்கு இறக்க வேண்டியிருந்தது. கீழே ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரைச் செருகிப் பார்த்துவிட்டு, "டர்போ போயிடுச்சு சார், புதுசு போட்டுடலாம்" என்றார்கள். எதனால் போயிற்று என்று கேட்டால், வண்டிக்கு வயசாகிவிட்டது என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. காரணம் சொல்லாமல் விலை மட்டும் சொல்லும் இடத்தில் வண்டியை விடக்கூடாது என்பது என் கருத்து, நாங்கள் விடவில்லை.

குன்னூரில் பழைய டீசல் வண்டிகளையே பார்த்துவரும் ஒரு மெக்கானிக் அண்ணன், இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவின் வாயிலிருந்த ஹோஸைக் கழற்றி உள்ளே இருந்த சக்கரத்தை விரலால் அசைத்துக் காட்டினார். டர்போவின் தண்டு எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதந்து சுழல்வதால் பக்கவாட்டில் சிறிது ஆட்டம் இருக்கத்தான் செய்யும். முன்னும் பின்னுமாக ஆட்டம் தெரிந்தாலோ, இறகுகள் கூட்டில் உரசிய தடம் இருந்தாலோதான் கவலைப்பட வேண்டும். எங்கள் வண்டியில் இரண்டும் இல்லை. அதன் பிறகு கம்ப்ரசரிலிருந்து கொஞ்சமாகக் காற்றழுத்தம் கொடுத்து, அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ஹோஸ் முழுவதும் சோப்புத் தண்ணீரைத் தடவினார். மேல்பக்கம் ஒன்றுமில்லை. அடிப்பக்கத்தில், கிளிப்புக்குக் கீழே கைக்கண்ணாடி பிடித்துப் பார்த்தால் மட்டுமே தெரியும் இடத்தில், சின்னச் சின்னக் குமிழ்கள் பொங்கின. கிளிப்பைத் தளர்த்தியபோது ஒரு நகத்தின் நீளத்துக்கு வெடிப்பும் அதைச் சுற்றி எண்ணெய் கலந்த கரியும் இருந்தன.

ஊட்டியின் உயரம் சுமார் 2,240 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ முக்கால் பங்குதான். அந்தக் குறையை ஈடுகட்டும் டர்போவின் காற்று வழியிலேயே கசிந்துவிட்டால், டீசல் முழுதாக எரியாமல் கரும்புகையாகத்தான் வெளியேறும். ஒரு ஹோஸும் இரண்டு கிளிப்புகளும் மாற்றியதில் இழுவையும் திரும்பியது, புகைச் சான்றும் கிடைத்தது. அதே கையோடு, இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிரீதர் குழாயையும் கழற்றிச் சுத்தம் செய்யச் சொன்னார். அது அடைத்துக்கொண்டால் இன்ஜினுக்குள் அழுத்தம் ஏறி, டர்போவிலிருந்து எண்ணெய் இறங்க வழியில்லாமல் சீல் வழியாகக் கசியும்; அப்போது நீலப்புகை வரும், புது டர்போ போட்டாலும் நிற்காது. ரேடியேட்டர் மூடியையும் அலட்சியப்படுத்தாதீர்கள். ஊட்டியின் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடும் என்பதால், அழுத்தத்தைத் தாங்காத மூடி கீழே காட்டாத கோளாறை மேலே காட்டும்.

நான்கு சக்கர இயக்கத்துக்கு அதிகம் செலவாகவில்லை. ஸ்விட்சைத் திருப்பினால் விளக்கு மட்டும் சிமிட்டியது. இயக்கத்தை மாற்றும் ஷிஃப்ட் மோட்டாருக்குப் போகும் மின் இணைப்பில் பச்சை பூத்திருந்தது. சுத்தம் செய்ததும் சரியாகிவிட்டது. மாதம் ஒருமுறையாவது மண் பாதையில் போட்டு ஓட்டுங்கள். காய்ந்த தார்ச் சாலையில் போடாதீர்கள்.

துருதான் பெரிய வேலை. மிதிக்கும் தரைவிரிப்பைத் தூக்கியபோது தகடு கையோடு வந்தது. டிங்கர் பட்டி பூசி மறைத்துவிடலாம் என்றார். துருப்பிடித்த பகுதியை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வைப்பதற்குள் தொண்டை வறண்டுவிட்டது. வண்டியின் சட்டத்தில் பொறித்த சேசிஸ் எண்ணும் துருவுக்கு அடியில் மறைந்திருந்தது. அந்த இடத்தில் மட்டும் கிரைண்டரைப் பக்கத்திலேயே விடாதீர்கள். எண் தேய்ந்துபோனால், வண்டி உங்களுடையதுதான் என்று நிரூபிப்பது தனிப் போராட்டமாகிவிடும். மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துணியால் துடைத்துத் துடைத்தே எண்ணை வெளியே கொண்டுவந்தோம். ஆய்வாளர் பென்சில் அச்சு எடுத்தபோது ஓர் எழுத்துகூட விடுபடவில்லை.

இவ்வளவையும் தாண்டிய வண்டி காகிதத்தில் மாட்டிக்கொண்டது. அப்பா வாங்கிய வாகனக் கடன் 2015இலேயே அடைந்துவிட்டது. மீதிக் காகித வேலையைத் தாங்களே பார்த்துக்கொள்வதாக அன்றைய வங்கி மேலாளர் சொன்னாராம். ஆனால் ஆர்.சி.யில் வங்கியின் பெயர் அப்படியே நின்றது. அதை நீக்காமல் மறுபதிவு இல்லை என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். கடன் பதிவை நீக்கக் கோரும் படிவம் 35இல் வங்கி கையெழுத்துப் போட வேண்டும். அந்த வங்கியோ இடையில் வேறொரு வங்கியோடு இணைந்துவிட்டது. கிளையில் கொடுத்த விண்ணப்பம் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. அப்பா எடுத்து வைத்திருந்த பழைய பாஸ்புக்கில் கடைசித் தவணை வரவு இருந்ததால்தான் கடன் எண்ணையே அவர்களால் தேட முடிந்தது. கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொண்டு போனால் எழுத்தர் படிவத்தைத் திருப்பித் தள்ளினார்: "பெரியவரே, ஆர்.சி.ல ஒரு பேங்க் பேர் இருக்கு, சீல்ல வேற பேர் இருக்கு. நான் எதை நம்புறது?" பழைய முத்திரைக்கு நாங்கள் எங்கே போவது? எல்லாவற்றையும் திருப்பி அனுப்பிவிட்டதாக வங்கி கைவிரித்தது. இதற்கிடையில் பதிவு காலாவதியாகி, மாதத்துக்கு 500 ரூபாய் தாமதக் கட்டணமும் ஏறத் தொடங்கியது. வண்டி தோட்டத்திலேயே நின்றது.

வழி காட்டியவர் வங்கியின் மண்டல அலுவலகத்தில் இருந்த ஓர் அம்மா. கடன் எண், சேசிஸ் எண், கடன் அடைந்த தேதி மூன்றையும் குறிப்பிட்டு, இணைப்பு பற்றிய அரசிதழ் அறிவிக்கையின் நகலையும் சேர்த்து, வங்கியின் கடிதத்தாளில் எழுதிக் கொடுத்தார். எழுத்தர் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் வாங்கி வைத்துக்கொண்டார்.

காலாவதிக்கு 60 நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். ஆனால் கடன் பதிவு நீங்கியிருக்கிறதா என்பதை அதற்கு வெகு முன்பே அரசின் பரிவாகன் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். உங்கள் வங்கி இணைந்துபோன ஒன்றாக இருந்தால், அரசிதழ் நகலோடு கூடிய கடிதத்தை முதலிலேயே கேட்டு வாங்குங்கள். எங்கள் ஆர்.சி. இப்போது 2030 வரை செல்லும். 20 ஆண்டு கடந்த இலகுரக வாகனங்களுக்கான புதுப்பிப்புக் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக்கிவிட்டார்கள். அதையும் கட்டிவிடலாம் என்கிறார் அப்பா. பின்பக்கத் தரைத்தகட்டை மட்டும் அதற்குள் மாற்றியாக வேண்டும்.