சித்திரை வெயிலில் திருமறைக்காடு

திருமறைக்காடு என்கிற வேதாரண்யத்துக்கு வேண்டுதல் இருந்து வெயில் காலத்தில் போகிறவர்கள் முதல் நாள் இரவே ஊருக்குள் வந்துவிடுவது நல்லது. காலை பஸ்ஸில் வந்து இறங்கினால் கடல், கோயில் இரண்டுமே அவசரமாகிவிடும். பன்னிரண்டு மணி வாக்கில் நடை சாத்திவிட்டால் அப்புறம் மாலைதான்.

விடியலில் கோயிலுக்கு எதிரே இருக்கும் சன்னதிக் கடல். அலை கிடையாது, ஆனால் சேறு. நீர் வடிந்த நேரமென்றால் கால் புதையும், பெரியவர்களைக் கைப்பிடித்துத்தான் இறக்க வேண்டும். தர்ப்பணம் கொடுப்பவர்கள் தட்சணையை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். எள்ளைக் கையில் வாங்கிய பிறகு பேரம் பேசுவது பித்ருக்களுக்கும் நமக்கும் சங்கடம். பிறகு கோயிலுக்குள் மணிகர்ணிகைத் தீர்த்தத்தில் ஸ்நானம், உலர்ந்த துணி. பிரகாரக் கல் பத்து மணிக்கே கொதிக்கும், ஆகவே சுற்றை முதலிலேயே முடித்துவிடுங்கள்.

அடுத்து அந்தக் கதவு. வேதங்கள் பூசித்து அடைத்துவிட்டுப் போனது. அதைத் திறக்க அப்பர் பத்துப் பாட்டுப் பாடியும் அசையவில்லை. பதினோராவதில் ‘இரக்கமொன்றிலீர்’ என்று கேட்டேவிட்டார், அப்புறம்தான் திறந்தது. திரும்ப அடைக்கச் சம்பந்தர் பாடியதோ ஒரே பாட்டு! அப்பருக்கே அது மனத்தாங்கல்தான். பல வருஷம் காத்துக் கிடந்து பிள்ளை வரம் கிடைத்தவர்கள் இங்கே வந்து அந்தப் பதினோரு பாட்டையும் பாடும்போது, அந்த இரண்டு சொல்லில் குரல் உடைந்துவிடும். பின்னால் நிற்கிறவர்கள் ‘நகருங்க, நகருங்க’ என்று இடிப்பார்கள். இடிக்கட்டும்.

பகலில் அகஸ்தியம்பள்ளி போகலாம். 1930 ஏப்ரல் 30-ல், இதே சித்திரை வெயிலில்தான், உப்புச் சட்டத்தை மீறி ராஜாஜி அங்கே உப்பு அள்ளினார். உப்பளத்து வெளிச்சம் கண்ணைக் கூசவைக்கும், குடை அவசியம். கோடியக்கரையில் பூநாரைகளை எதிர்பார்க்காதீர்கள், அவை பனிக்கால விருந்தாளிகள்.

மாலை நடை திறந்ததும் இன்னொரு முறை சுவாமி சன்னதிக்குப் போங்கள். காலைக் கூட்டத்தில் பலரும் லிங்கத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். பின்சுவரில் அம்மையும் அப்பனும் மணக்கோலத்தில் இருப்பது இருட்டில் தெரியாது. தீபத்தட்டு மேலே ஏறும்போது கண்ணையும் கூடவே ஏற்றுங்கள். அகத்தியருக்குக் காட்டிய கோலம், நமக்கும் ஒரு கணம். கேட்க வந்தது எதுவும் அப்போது ஞாபகத்துக்கு வராது.