டிரான்ஸ்பர் கேஸ் மேல் விழுந்த பழி

பினாங்குத் தீவின் பாலிக் பூலாவில் மாமா குத்தகைக்கு எடுத்திருக்கும் டுரியான் தோட்டத்துக்கு ஏறும் பாதை, மழை பெய்தால் வெறும் சேறு. போன சீசனில் அந்த ஏற்றத்தில் என் பழைய பிக்கப்பின் லீவரை 4எச்சுக்கு, அதாவது நான்கு சக்கரமும் இழுக்கும் நிலைக்குத் தள்ளினேன். மீட்டரில் முன்சக்கர விளக்கு நிலைத்து எரியாமல் மின்னிக்கொண்டே இருந்தது. பின்சக்கரங்கள் சேற்றைக் கடைந்தன, முன்சக்கரங்கள் அசையவே இல்லை. பக்கத்துத் தோட்டக்காரர் கயிறு கட்டித்தான் இழுத்தார்.

தீவில் முதலில் காட்டிய பட்டறையில் பத்து நிமிடம்கூடப் பார்க்கவில்லை. டிரான்ஸ்பர் கேஸ் போச்சு, பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் ஹாஃப்கட் கடையில் வாங்கி மாற்ற 3,500 வெள்ளி (ரிங்கிட்) ஆகும் என்றார்கள். கியர்பாக்ஸிலிருந்து வரும் பவரை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுப்பது அந்தப் பெட்டிதான், சந்தேகம் வருவது சரி. ஆனால் உள்ளே செயின் தளர்ந்திருந்தால் 4எச்சில் இழுக்கும்போது கடக் கடக்கென்று பல் தாண்டும். என் வண்டியில் அந்தச் சத்தமே இல்லை.

பாலம் தாண்டிப் பிறையில் ஒரு மெக்கானிக் அண்ணனிடம் போனேன். "பெட்டியைக் கழற்றாதே தம்பி. பவர் எதுவரைக்கும் போவுதுன்னு முதல்ல பார்ப்போம்" என்றார்.

பெட்டியின் எண்ணெயை இறக்கினார். காந்த போல்ட்டில் மைபோலக் கொஞ்சம் சாம்பல் பசை, அவ்வளவுதான். இரும்புத் துண்டு இல்லை, தண்ணீர் கலந்த பால் நிறமும் இல்லை.

அப்புறம் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, எஞ்சினை நிறுத்தி, வண்டிக்கு அடியில் படுத்து பெட்டியிலிருந்து முன்சக்கரங்கள் பக்கம் பவரைக் கொண்டுபோகும் முன் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கையால் சுற்றச் சொன்னார். பின்சக்கரங்கள் மட்டும் இழுக்கும் 2எச்சில் சுற்றியது. 4எச்சில் அசையவில்லை. அதாவது பெட்டிக்குள் பல் ஒழுங்காகச் சேர்ந்து, முன் ஷாஃப்ட் பின் ஷாஃப்டோடு பூட்டிக்கொள்கிறது. பெட்டி குற்றவாளி இல்லை. பவர் அதைத் தாண்டி எங்கோ நிற்கிறது.

என் வண்டியில், ஷாஃப்டின் பவரை இரண்டு முன்சக்கரங்களுக்கும் பிரிக்கும் முன் டிஃப்பரன்ஷியல் பக்கத்தில், சக்கரத்துக்குப் போகும் ஓர் ஆக்சிலைப் பிரித்துச் சேர்க்கும் ஃபோர்க் உண்டு. அதை நகர்த்துவது வேக்குவம், அதாவது எஞ்சின் ஓடும்போது ஹோஸ் வழியாக வரும் காற்று உறிஞ்சல். அது சேராவிட்டால் ஷாஃப்ட் சுற்றினாலும் பவர் சக்கரத்துக்குப் போகாது. கை பம்ப்பால் உறிஞ்சியதும் ஃபோர்க் டக்கென்று நகர்ந்தது. எஞ்சினை ஓடவிட்டு ரப்பர் ஹோஸில் விரல் வைத்தால் வேக்குவத்தைத் திறந்துவிடும் சொலினாய்ட் வால்வு பக்கம் இழுத்தது, டிஃப்பரன்ஷியல் பக்கம் இழுக்கவில்லை. நடுவில், சேசிஸ் வளைவில் ஹோஸ் வெடித்திருந்தது. வெயிலா, எலியா தெரியாது.

புது ஹோஸ், எண்ணெய், கூலி எல்லாம் சேர்த்து 140 வெள்ளி. தார் ரோட்டில் 4எச் போட்டு வளைத்தால் முன்னும் பின்னும் முறுக்கிக்கொள்ளும் என்று பக்கத்துக் கல் மைதானத்தில்தான் ஓட்டிப் பார்த்தோம். விளக்கு மின்னாமல் நின்றது.

பணத்தை மிச்சம் பிடித்த சந்தோஷத்தில் கிளம்பும்போது அண்ணன் பின்டயரைத் தட்டினார். "முன்னால புதுசு, பின்னால மொட்டை. இந்த வித்தியாசத்தோட 4எச் போட்டீன்னா, அந்தப் பட்டறைக்காரர் சொன்ன மாதிரி பெட்டி நிஜமாவே போயிடும்."

திரும்பும் வழியிலேயே டயர் கடைக்குப் போனேன். 700 வெள்ளி.